டோட் லேனில் ஒரு தராசு: மான்செஸ்டர் நாட்குறிப்பு

முதல் நாள்: பலூன் தெரு

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் தம்பி கேட்டான்: "முதலில் எங்கே போகலாம் அக்கா? கால்பந்து மைதானமா, வடக்கே ஏரிகளா?" டோட் லேன் என்றேன். இருபது வருடமாக மான்செஸ்டரில் குடியிருக்கிறான். அந்தப் பெயர் அவனுக்குப் புதிதாக இருந்தது. எனக்கோ அது பணியில் சேர்ந்த முதல் வருடப் பயிற்சிப் புத்தகத்திலேயே அறிமுகமான பெயர்: பக்கத்து ராச்டேல் ஊரில், கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டிய சிறு கடை திறந்த தெரு. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வதே என் தொழிலாக இருந்தது. பேரேடும் ரொக்கப் புத்தகமும் இருப்புப் பதிவேடுமாக வாழ்க்கை போயிற்று. ஓய்வு பெற்றதும் இந்த ஊருக்கு வர வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன்.

இதில் அப்பாவுக்கும் பங்கு உண்டு. எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையில் எடை போட்டவர் அவர். சர்க்கரையைத் தட்டில் கொட்டியதும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். முள் ஆடி அடங்கி நடுவில் நிற்கும். அதன் பிறகுதான் காகிதத்தை எடுப்பார். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் மாற்றம் கிடையாது. கை தட்டுக்கு அருகில் இருந்தால் வாங்குகிறவருக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் சங்கம் போய்விடும் என்பார்.

மாலையில் தம்பியோடு விக்டோரியா ரயில் நிலையம் வரை போய், அங்கிருந்து சில நிமிடம் நடந்தேன். பலூன் தெரு சின்னதுதான். 1785-இல் ஜேம்ஸ் சாட்லர் என்பவர் இந்த இடத்திலிருந்து பலூனில் ஏறிப் பறந்தார். அதனால் வந்த பெயர். கூட்டுறவுக்காரர்கள் 1869-இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். அதற்கு ஆறு வருடம் முன்பு, 1863-இல், வட இங்கிலாந்தின் சிறு சிறு சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு மொத்த விற்பனைச் சங்கத்தைப் பதிவு செய்திருந்தன. தனித்தனியாகப் போனால் மொத்த வியாபாரி வைத்ததே விலை. மில் தொழிலாளிகள் நடத்தும் கடைக்குச் சரக்குக் கொடுக்காதே என்று மற்ற கடைக்காரர்கள் வியாபாரியை நெருக்கவும் செய்தார்கள். நூறு கடைகளுக்கும் சேர்த்து ஒரே கை வாங்கினால் அந்த நெருக்கடி தளர்ந்துவிடும். சி.டபிள்யூ.எஸ். (கோ-ஆபரேட்டிவ் ஹோல்சேல் சொசைட்டி) என்ற மூன்றெழுத்தில் உலகம் அறிந்த அமைப்பு இப்படித்தான் பிறந்தது. பிஸ்கட், காலணி, சோப்பு என்று பிற்பாடு தானே செய்து விற்றது. சொந்தமாகக் கப்பல்கூட வைத்திருந்தது.

தெருவோரம் ராபர்ட் ஓவனின் சிலை நிற்கிறது. அவருடைய நிழலில் ஒரு குழந்தை ஒதுங்கி நிற்கிறது. இந்த நகரத்தில் இளைஞராகப் பஞ்சாலை நிர்வாகம் கற்று, பிறகு ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் தொழிலாளரின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர். சுற்றிலும் கூட்டுறவின் கட்டடங்கள் வயது வாரியாக நிற்கின்றன: 1911-இல் திறந்த ஹோலியோக் மாளிகை, 1962-இன் இருபத்தைந்து மாடிக் கோபுரம், 2013-இன் கண்ணாடி மாளிகை. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. ஆனால் மனம் இன்னும் தராசுக்குப் பக்கத்தில் வரவில்லை. நாளை ராச்டேல்.

இரண்டாம் நாள்: ராச்டேல்

மஞ்சள் நிற டிராம் நகரத்தைக் கடந்து, புறநகர் வீடுகளின் முதுகுப்புறங்களைக் காட்டிக்கொண்டே போகிறது. சிவப்புச் செங்கல், புகைபோக்கி, மறுபடியும் சிவப்புச் செங்கல். தம்பி விடுப்புப் போட்டுவிட்டு உடன் வந்தான்.

டோட் என்றால் தேரை. ஆனால் தெருப்பெயரில் தேரை எதுவும் இல்லை என்கிறார்கள். 'பழைய தெரு' என்பதை லங்காஷயர்க்காரர்கள் தங்கள் வாய்க்கேற்பச் சுருக்கிச் சொல்லச் சொல்ல, அது டோட் லேன் ஆனதாம். கல் பாவிய சிறு துண்டுத் தெரு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 31-ஆம் எண் கட்டடம் இப்போது அருங்காட்சியகம், 1931-இலிருந்து அப்படித்தான்.

உள்ளே நுழைந்ததும் கீழ்த்தளத்தில் கடை. அன்றைக்கு இருந்தபடியே அமைத்திருக்கிறார்கள். இரண்டு பீப்பாய்களின் மேல் ஒரு பலகை, அதுதான் விற்பனை மேடை. பலகைமேல் ஒரு தராசு. சுவரில் பூச்சு இல்லை, அலங்காரம் இல்லை. அவ்வளவு சின்ன அறை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தம்பி பேசாமல் என் தோளில் கை வைத்தான்.

1844 டிசம்பர் 21. ஒரு சனிக்கிழமை இரவு. வடக்கு நாட்டில் வருடத்தின் மிக நீண்ட இரவுகளில் ஒன்று. இந்த அறையின் சாளரப் பலகைகளை யாராவது வெளியிலிருந்து திறக்க வேண்டும். உள்ளே இருந்தவர்கள் தயங்கினார்கள். தெருவில் பஞ்சாலைச் சிறுவர்கள் கூட்டமாக நின்று கேலி செய்தார்கள்; எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். விளக்குக்கு எரிவாயு கிடைக்கவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டார்கள். அவர்கள் வைத்திருந்த சரக்கு இவ்வளவுதான்: 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, ஆறு அந்தர் (ஏறக்குறைய முந்நூறு கிலோ) கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி. மொத்தக் கொள்முதல் 16 பவுண்டு, 11 ஷில்லிங், 11 பென்னி. அந்தக் கடைசி 11 பென்னி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதல் நாளிலேயே பென்னிவரை கணக்கு எழுதிய சங்கம் அது.

அந்தப் பணத்தை எப்படிச் சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ராச்டேல் முன்னோடிகள் என்று பெயர் பெற்ற இந்த உறுப்பினர்கள் 28 பேர் என்பது மரபு. ஆளுக்கு ஒரு பவுண்டு பங்கு. ஒரு பவுண்டு என்பது அவர்களில் பலருக்கு ஒரு வாரச் சம்பளத்துக்கும் மேல். ஆகவே வாரா வாரம் இரண்டு பென்னி, மூன்று பென்னியாக வீடு வீடாகப் போய் வசூலித்தார்கள். கம்பளி நெசவாளர்கள் இருந்தார்கள். வேறு தொழில் செய்தவர்களும் இருந்தார்கள். வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார், ஓவனின் சீடர்கள், மதுவிலக்குப் பேசியவர்கள் என்று பல கருத்துக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த வருடம் கூலி உயர்வு கேட்ட நெசவாளர் போராட்டம் தோற்றுப் போயிருந்தது. கூலியை உயர்த்த முடியவில்லை, கூலி வாங்கும் பொருளையாவது நேர்மையாக்குவோம் என்று நினைத்தார்கள்.

நேர்மையாக்க நிறைய இருந்தது. மாவில் சுண்ணாம்புத்தூள், தேயிலையில் காய்ந்த வேறு இலை, கோகோவில் செம்மண் என்று கலப்படம் சாதாரணமாக நடந்த காலம். அதைவிடப் பெரிய நோய் கடன். சில முதலாளிகள் தங்கள் கடையிலேயே சாமான் வாங்கும்படி தொழிலாளியைக் கட்டாயப்படுத்தினார்கள். 1831-இல் அதற்குத் தடைச் சட்டம் வந்தும் பழக்கம் சட்டென்று போகவில்லை. மற்ற கடைகளிலும் பற்று எழுதி வாங்கினால், எடை குறைந்தாலும் மாவு வெளுத்திருந்தாலும் வாய் திறக்க முடியாது. கடன்பட்டவனுக்குத் தராசைப் பார்க்கும் உரிமை இல்லை. இது ராச்டேலுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல என்பதை, பற்று நோட்டோடு மளிகைக்கடைக்குப் போய் நின்ற எந்தப் பிள்ளையும் அறியும்.

அதனால்தான் முதல் விதி ரொக்கம். கடன் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. இதே தெருவில் 1830-களில் ஒரு கூட்டுறவுக் கடை நடந்து, கடன் கொடுத்தே மூழ்கிப் போயிருந்தது; அந்த அடி அவர்களுக்கு நினைவிருந்தது. சார்லஸ் ஹவார்த் என்பவர் விதிகளை வகுத்ததில் முக்கியப் பங்கு எடுத்தார். ஆளுக்கு ஒரு வாக்கு, பங்கு எத்தனை இருந்தாலும். முதலுக்கு வரம்புள்ள வட்டி. மிச்சம் வருகிற லாபம் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கு பிரியும். அதாவது லாபத்தைப் பணம் போட்டவன் கொண்டுபோக மாட்டான்; சர்க்கரை வாங்கியவள் கொண்டுபோவாள். நான் தணிக்கை செய்த ஒவ்வொரு சங்கத்தின் துணைவிதிகளிலும் இந்த நிழல் விழுந்திருந்தது.

பெண்களைப் பற்றி ஒன்று. 1846-இல் எலைசா பிரயர்லி என்ற பெண் தன் பெயரில் உறுப்பினரானார். திருமணமான பெண்ணின் சம்பாத்தியமே சட்டப்படி கணவனுடையது என்றிருந்த நாட்டில் இந்தப் பேரேட்டில் ஒரு பெண்ணின் பெயர் ஏறியது. அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அருங்காட்சியகத்தில் உதவிக்கு இருந்த மூதாட்டி நான் தராசின் முன்னால் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். என் தொழிலையும் அப்பாவின் தொழிலையும் தம்பி சொன்னான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சிறுமியாக இருந்தபோது அம்மா அவரைக் கூட்டுறவுக் கடைக்கு அனுப்புவாராம். பணத்தை மறந்தாலும் மறக்கலாம், உறுப்பினர் எண்ணை மறக்கக் கூடாது. எண் சொன்னால்தான் வாங்கியது அம்மாவின் கணக்கில் ஏறும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பங்காதாயம் வரும். அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளுக்குக் காலணி. "அம்மா போய் நாற்பது வருடம் ஆகிறது. என் தொலைபேசி எண்ணைக் கேட்டால் யோசிப்பேன். அம்மாவின் எண்ணைக் கேளுங்கள்" என்றார். கேட்டேன். மூச்சு விடாமல் ஐந்து இலக்கங்களைச் சொன்னார். கடைசி இலக்கத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது, கடை மேடைக்கு எட்டாத உயரத்தில் நிற்கும் சிறுமி சொல்வதுபோல.

பிறகு கயிறு தாண்டி உள்ளே வரச் சொல்லி, தராசின் தட்டை ஒரு விரலால் தொட அனுமதித்தார். தொட்டேன். முள் ஆடியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அது நிற்கும்வரை மூன்று பேரும் பேசவில்லை.

திரும்பும்போது டிராமில் தம்பி கேட்டான், "நம் ஊரில் இதெல்லாம் எப்போது வந்தது அக்கா?" 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் என்றேன். அந்த முயற்சியில் முன்நின்றவர்களில் ஒருவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அதே 1904-இல் இந்திய அரசு கொண்டுவந்த சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே மனத்தில் வைத்தது; மளிகை விற்கும் சங்கங்களுக்கு இடம் தந்த சட்டம் 1912-இல்தான் வந்தது. ராச்டேலிலும் இதே கதைதான்: 1844-இல் நட்புதவிச் சங்கங்களுக்கான சட்டத்தின்கீழ் ஒதுங்கிக்கொண்டார்கள், தங்களுக்கென்று ஒரு சட்டம் கிடைத்தது 1852-இல். சட்டத்துக்கு முன்னால் கடை வந்துவிடுகிறது, இரண்டு ஊரிலும்.

மூன்றாம் நாள்: மழை

வெளியே போகவில்லை. நேற்று எழுதிக்கொண்டு வந்த எண்களைத் தாளில் வரிசைப்படுத்தினேன். ராச்டேல் சங்கத்தில் 1845 முடிவில் 74 உறுப்பினர்கள், 710 பவுண்டு விற்பனை, 22 பவுண்டு லாபம். 1850-இல் 600 உறுப்பினர்கள். 1860-இல் 3,450 உறுப்பினர்கள், 1,52,063 பவுண்டு விற்பனை. பதினாறே வருடம். தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு மாலை மட்டும் திறந்த கடை அது.

ஆனால் இன்னொரு குறிப்பும் என் நோட்டில் இருக்கிறது. முன்னோடிகளில் பலர் சேர்ந்து 1854-இல் ஒரு பஞ்சாலைச் சங்கம் தொடங்கினார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்கும் லாபத்தில் பங்கு என்பது விதி. ஆலை செழித்தது, பணம் போடப் புதியவர்கள் வந்தார்கள். 1862-இல் அந்தப் புதிய பங்குதாரர்கள் வாக்களித்து, தொழிலாளருக்கான பங்கை நீக்கிவிட்டார்கள். எல்லாம் முறைப்படி, பெரும்பான்மையோடு. தணிக்கையாளரின் பேனா பிடித்துக் குறை சொல்ல அதில் ஒரு இடமும் இல்லை. எனக்கு அது ஆறவில்லை. வாங்குகிறவருக்குப் பங்கு என்ற விதி கடையில் நிலைத்தது. செய்கிறவருக்குப் பங்கு என்ற விதி ஆலையில் எட்டு வருடம்தான் தாங்கியது.

நான்காம் நாள்: ஆன்கோட்ஸ்

மழை விட்டது. ஆன்கோட்ஸ் பகுதியில் கால்வாய் ஓரமாக நடந்தேன். ஒரு காலத்தில் உலகத்துக்கே நூல் நூற்ற பேட்டை. ஆலைகள் இன்று அடுக்குமாடி வீடுகளாகியிருக்கின்றன.

மான்செஸ்டர் பெரிய நகரம்; ராச்டேல் போல எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஊர் அல்ல. ஆகவே இங்கே ஒரே சங்கம் நகரத்தை முழுதாக ஆளவில்லை. 1859-இல் மான்செஸ்டர்-சால்ஃபோர்டு சங்கம் இந்தப் பகுதியில்தான் முளைத்தது. அதே வருடம் வடகிழக்கே ஃபெயில்ஸ்வர்த்தில் ஒன்று. பெண்டில்டனில் ஒன்று, எக்கிள்ஸில் ஒன்று. கிழக்கே பெஸ்விக் சங்கம் 1892-இல். ஒவ்வொன்றுக்கும் தன் நிர்வாகக் குழு, தன் உறுப்பினர் பேரேடு, தன் பங்காதாய விகிதம். எந்தச் சங்கம் இந்தக் காலாண்டில் பவுண்டுக்கு எத்தனை ஷில்லிங் தருகிறது என்பது அடுத்த பேட்டைப் பெண்கள் கிணற்றடியில் பேசுவது போலப் பேசப்பட்ட விஷயம். மளிகையோடு நிற்கவில்லை: இறைச்சி, நிலக்கரி, பால், துணி, காலணி, கடைசியில் சவ அடக்கம் வரை. பல கடைகளின் மாடியில் வாசகசாலையும் கூட்ட அறையும் இருந்தன. இந்த நாடு முழுவதும் இப்படிப்பட்ட சங்கங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,400-க்கு மேல்.

பழைய கூட்டுறவுக் கடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மேலே பார்க்க வேண்டும். கீழே இன்று வேறு ஏதோ கடை நடக்கும். நெற்றியில் கல்லில் செதுக்கிய தேன்கூடும், ஒன்றையொன்று பற்றிய இரு கைகளும், கட்டிய ஆண்டும் அப்படியே இருக்கும். ஒரு பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு தேன்கூட்டைக் கண்டேன். தேனீக்கள் தேய்ந்து வெறும் புள்ளிகளாகிவிட்டன. கூட்டின் வளையங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. கீழே இருந்த கடைக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். வெளியே வந்து, அவரும் முதல் முறையாக அண்ணாந்து பார்த்தார்.

1859-இல் தொடங்கிய இந்த இளம் சங்கங்களுக்குச் சீக்கிரமே சோதனை வந்தது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டு பஞ்சு நின்றது. லங்காஷயரில் ஆலைகள் மூடின. லட்சக்கணக்கானவர்கள் நிவாரணத்துக்குக் கையேந்தினார்கள். மாற்றாக இந்தியப் பஞ்சு போனது. அதைச் 'சூரத்' என்று பொதுவாகச் சொன்னார்கள். இழை குட்டை, நூல் அறுந்துகொண்டே இருக்கும், கூலி குறையும். வழிபாட்டில் ஒருவர் பஞ்சு வேண்டும் என்று பிரார்த்திக்க, பின்னாலிருந்து இன்னொருவர் "ஆனால் சூரத் வேண்டாம் ஆண்டவரே" என்றாராம். நம் கரிசல் விவசாயி விதைத்ததும் பறித்ததும் இங்கே இப்படிப் பேர் வாங்கியிருக்கிறது.

அப்போது கூட்டுறவுகள் கவிழ்ந்துவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். சிறிய சங்கங்கள் சில மறைந்தன. ஆனால் ராச்டேலில் உறுப்பினர் எண்ணிக்கை 1862-இல் சற்றுக் குறைந்து மறு வருடமே ஏறியது. அவர்கள் யாருக்கும் கடன் கொடுத்திருக்கவில்லை. யாரிடமும் வாங்கியிருக்கவும் இல்லை. உறுப்பினர் சேர்த்து வைத்த பங்காதாயம் பசிக்குக் கைகொடுத்தது. மொத்த விற்பனைச் சங்கம் 1863-இல் பதிவானது என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா? அது இந்தப் பஞ்சத்தின் நடுவில்.

நகர மையத்தில் ஆபிரகாம் லிங்கனின் சிலை இருப்பதற்கும் இதுவே காரணம். அடிமைகள் பறித்த பஞ்சு வேண்டும் என்று போரில் தலையிடச் சொல்லாமல், 1862-இன் கடைசி நாளில் மான்செஸ்டர் தொழிலாளர் கூடி லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். 1863 ஜனவரியில் அவர் பதில் எழுதினார். சிலையின் பீடத்தில் அதன் ஒரு பகுதி பொறித்திருக்கிறது. பட்டினியிலும் பஞ்சு யார் கையால் வந்தது என்று கேட்ட ஊர் இது.

ஐந்தாம் நாள்: தகர டப்பா

ஒரு பழம்பொருள் சந்தைக்குத் தம்பி மனைவி அழைத்துப் போனாள். கரண்டிகளுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவில் ஒரு தேயிலை டப்பா. பச்சை வர்ணம் உரிந்து, மூலைகளில் துரு. மூடியின் மேல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மொத்த விற்பனைச் சங்கங்களின் கூட்டுப் பெயர். ஐந்து பவுண்டு சொன்னார்கள். பேரம் பேசாமல் வாங்கினேன்.

இரவு சாப்பாட்டு மேசையில் அதைத் திறந்தோம். உள்ளே தேயிலைத் தூள் இல்லை. ஆனால் மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் இரும்பின் வாசனைக்கு அடியில் மெலிதாக ஏதோ இருந்தது. தம்பி மகள் இல்லை என்றாள். எனக்கு இருந்தது.

தேயிலை இந்தச் சங்கங்களின் உயிர்ச்சரக்கு. கலப்படமில்லாத தேயிலை என்பதே பெரிய விளம்பரம். அதை இடைத்தரகர் இல்லாமல் பெறுவதற்காக, இரண்டு மொத்த விற்பனைச் சங்கங்களும் சேர்ந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தோட்டங்களையே விலைக்கு வாங்கின. கூட்டுறவின் கண்ணோட்டத்தில் அது நேர்த்தியான முடிவு: செடி முதல் கோப்பை வரை உறுப்பினர் சொத்து.

செடியின் பக்கத்தில் நின்றவர்கள் யார்? இலங்கை மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் நம்முடைய ஆட்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் போனவர்கள். வழிச்செலவே முதல் கடன். அரிசி தோட்டத்தில் அளந்து கொடுக்கப்பட்டு, கூலியில் பிடித்துக்கொள்ளப்படும். அந்தக் காலத்துத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இத்தனை ரூபாய் கடன், அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று ஒரு துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த துரை கட்டுவார். கடன் ஆளோடு சேர்ந்து இடம் மாறும். 1921-இல்தான் சட்டம் அதை ஒழித்தது. 'துண்டு' என்ற நம் சொல்லே அங்கே ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

கூட்டுறவுத் தோட்டங்களின் கூலிப் பேரேடுகளை நான் பார்த்ததில்லை. அதனால் அவர்களைக் குறிப்பாகக் குற்றம் சாட்ட மாட்டேன். ஆனால் உறுப்பினர் பேரேட்டில் கொழுந்து பறித்தவர் பெயர் இல்லை என்பது விதிகளைப் படித்தாலே தெரிகிறது. பங்காதாயம் தேநீர் குடித்தவருக்கு வந்தது. பற்று நோட்டிலிருந்து தப்பிக்கப் பிறந்த ஒரு இயக்கம் விற்ற தேயிலை, பற்றுச் சீட்டால் கட்டுண்ட மலைகளிலிருந்து வந்தது. மிகப் பெரிய இயக்கம் அது. அதன்மேல் எனக்கு இருக்கிற அன்பு குறையவில்லை. அன்பிருப்பதால்தான் இந்த வரியை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை. பஞ்சு யார் கையால் வந்தது என்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தேயிலையைப் பற்றியும் கேட்டிருக்கலாம்.

நீலகிரியில் சிறு விவசாயிகளே உறுப்பினர்களாக இருந்து நடத்தும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் உண்டு. இலையைக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுப்பவரே அங்கே பங்குதாரர். தம்பிக்காக அந்தத் தூளில் அரைக் கிலோ கொண்டுவந்திருந்தேன். டப்பாவைக் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து, அதில் கொட்டி வைத்தேன்.

ஆறாம் நாள்: தெருமுனைக் கடை

நாளை கிளம்புகிறேன். தம்பி வீட்டுத் தெருமுனையில் ஒரு கூட்டுறவுக் கடை இருக்கிறது. அவன் பால் வாங்குவதே அங்கேதான். அது யாருடையது என்று இத்தனை வருடமும் யோசித்ததில்லை.

அந்தப் பழைய சங்கங்கள் என்ன ஆயின என்று வழியில் கேட்டான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் விலையைக் குறைத்து வந்தபோது, நூற்றுக்கணக்கான தனித்தனிக் குழுக்களால் சேர்ந்து நகர முடியவில்லை. பங்காதாயம் வருடா வருடம் இளைத்தது. 1960-களில் பல இடங்களில் அது சேமிப்புத் தபால்தலை மாதிரியான ஒட்டுவில்லையாக மாறியது. சங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. ராச்டேல் முன்னோடிகளின் சங்கமும் அடுத்தடுத்த இணைப்புகளில் பெயர் மாறி, 2007-இல் நாடு தழுவிய குழுமத்துக்குள் போயிற்று. 2013-இல் கூட்டுறவு வங்கிக்கு வந்த பெரிய மூலதனப் பள்ளத்தில், வங்கியின் பெரும்பகுதி கூட்டுறவின் கையை விட்டே போனது. அந்தச் செய்தியை அப்போது ஊரில் படித்துவிட்டு இரவு தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. கடைகள் மட்டும் நிற்கின்றன.

உறுப்பினராக எவ்வளவு என்று கடைப் பெண்ணிடம் விசாரித்தேன். ஒரு பவுண்டு என்றாள். 1844-இலும் ஒரு பவுண்டுதான். அன்றைக்கு அது ஒரு வாரக் கூலிக்கும் மேல். இன்றைக்கு ஒரு சாக்லேட். தம்பி அங்கேயே கைபேசியில் விவரங்களை நிரப்பி உறுப்பினரானான். எண் வந்தது. மிக நீளமான எண். யாருடைய அம்மாவும் மனப்பாடம் செய்துவிட முடியாது. இருந்தாலும் அவன் மகள் முதல் ஐந்து இலக்கங்களை வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒரு கிலோ ஓட்ஸ் வாங்கியிருந்தோம், டோட் லேனின் அந்த ஒரு மூட்டையை நினைத்து. சமையலறையில் தம்பி மனைவி கேக் செய்வதற்காக வைத்திருக்கும் மின் தராசை எடுத்தேன். பையை அப்படியே வைத்தேன்: 1,013 கிராம். ஓட்ஸைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு வெறும் பையை வைத்தேன்.

"கையை எடுத்துவிடுங்கள் அத்தை" என்றாள் குழந்தை. எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். எண்கள் ஆடி நின்றன. 12 கிராம்.